மூன்று ‘என்’: டெர்மினல் ஃபைல் மேனேஜரை நாமே கம்பைல் செய்வது

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் டிடிபி கடையில் இருப்பது 2 ஜிபி ராம் உள்ள பழைய கணினி, அதில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். காதுகுத்துப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி பேனர் என்று பல வருட வேலை ஒரே ஃபோல்டரில் கிடக்கிறது. மவுஸால் அதைத் திறந்தால் ஒவ்வொரு படத்துக்கும் சின்னப் படம் வரையத் தொடங்கி, கணினி அப்படியே நின்றுவிடும். துக்க வீட்டிலிருந்து வந்தவர் எதிரில் நிற்கும்போது அது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் எழுத்துத் திரையில், ஓடும் ஃபைல் மேனேஜருக்கு மாறினேன்.

அதன் பெயர் வெறும் மூன்று ‘என்’ எழுத்து. சி மொழியில் எழுதியது, மிகச் சிறியது. டெபியனில் மென்பொருள் நிறுவும் கருவியான ஏபிடி வழியாகவும் கிடைக்கும். ஆனால் டெபியனின் நிலையான பதிப்பில் வருவது பழையதாக இருக்கும். கோப்புக்குப் பக்கத்தில் ஐகான் வேண்டுமா வேண்டாமா என்பதும் கம்பைல் செய்யும்போதே, அதாவது மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும்போதே, முடிவாகிவிடும். எனவே மூலநிரலிலிருந்து போடுவதையே நான் விரும்புகிறேன்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் தேவையானவை (‘சூடோ’ என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது):

சூடோ ஏபிடி இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் பிகேஜி-கான்ஃபிக் லிப்என்கர்சஸ்-டெவ் லிப்ரீட்லைன்-டெவ்

இந்த வரியில்தான் நான் ஒரு மாலை முழுவதும் மாட்டிக்கொண்டேன். கடைசியில் இருக்கும் ‘டெவ்’ எனக்கு முக்கியமாகப் படவில்லை. ரீட்லைன் என்ற லைப்ரரி (மற்ற மென்பொருள்கள் பயன்படுத்தும் துணை நிரல்) ஏற்கெனவே நிறுவப்பட்டிருப்பதாக ஏபிடி சொன்னது. ஆனால் கம்பைல் வேலையை நடத்தும் கருவியான மேக்கை ஓட்டினால் ‘ரீட்லைன்.ஹெச்’ கோப்பு இல்லை என்று நின்றது. இரண்டும் உண்மைதான். எம்.சி. ரோட்டில் ரெடிமேட் சட்டை வாங்கிப் போட்டுக்கொள்ள அளவு நோட்டு தேவையில்லை. துணி எடுத்து நீங்களே தைக்க உட்கார்ந்தால் அளவு வேண்டும். ஒரு மென்பொருளை ஓட்ட லைப்ரரி போதும். அதை உருவாக்கத்தான் ‘ஹெச்’ என்று முடியும் தலைப்புக் கோப்புகள் வேண்டும். அவை ‘டெவ்’ தொகுப்பில் இருக்கின்றன. பிழை வந்தால் திரையின் கடைசி வரியைப் பார்க்காதீர்கள். மேலே போய், முதல் பிழை எது என்று தேடுங்கள். கடைசியில் நிற்பது பெரும்பாலும் அந்த முதல் பிழையின் விளைவுதான்.

அடுத்து, கிட்ஹப்பில் ஜாருன் என்ற கணக்கில் இருக்கும் இதன் பக்கத்துக்குப் போய் வெளியீட்டு டார் கோப்பை (மூலநிரல் முழுவதையும் ஒன்றாகக் கட்டிய கோப்பு) இறக்குங்கள். ‘கிட் குளோன்’ கட்டளையால் நேரடியாக நகலெடுத்தால் அன்றன்றைய நிரல் வரும். கடை ஓடும் கணினிக்கு வெளியீடுதான் நல்லது. டார் கோப்பை விரித்து அந்த ஃபோல்டருக்குள் போய்:

சூடோ மேக் ஸ்ட்ரிப் இன்ஸ்டால்

நிரல் சிறியது என்பதால் பழைய கணினியிலும் அதிக நேரம் ஆகாது. ‘யுஎஸ்ஆர்/லோக்கல்’ என்ற இடத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். ஏபிடி போட்டவற்றோடு கலக்காது. மூலநிரல் ஃபோல்டரை அழிக்காதீர்கள். பிறகு எடுக்க வேண்டுமென்றால் அங்கிருந்தே ‘சூடோ மேக் அன்இன்ஸ்டால்’ என்றால் போதும்.

இனி மூன்று ‘என்’ தட்டித் திறக்கலாம். அம்புக்குறிகளால் நகருங்கள். ஸ்பேஸ் தட்டினால் கோப்பு தேர்வாகும். வேண்டிய இடத்துக்குப் போய் ‘பி’ தட்டினால் நகல், ‘வி’ தட்டினால் இடமாற்றம். சாய்கோடு தட்டிப் பெயரின் இரண்டு எழுத்தைக் கொடுத்தால் பட்டியல் உடனே சுருங்கும். என் கடைக்கு அது ஒன்றே போதும். கேள்விக்குறி தட்டினால் மற்ற விசைகள் தெரியும்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள் படிக்க முடியாதபடி வந்தால் ‘லொகேல் சார்மேப்’ என்று தட்டிப் பாருங்கள். தமிழையும் தாங்கும் எழுத்துக் குறியாக்கமான யுடிஎஃப்-8 என்று வர வேண்டும். ‘அன்சி’ என்று தொடங்கும் பெயர் வந்தால் ‘சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லொகேல்ஸ்’ கொடுத்து, லொகேல் எனும் மொழி அமைப்புகளில் யுடிஎஃப்-8 உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். அதற்குப் பிறகும் கொம்பும் காலும் பிரிந்து நின்றால் அது டெர்மினலின் குறை. எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினலில் எனக்கு அப்படித்தான் இருந்தது. ஆங்கிலத்தில் ‘கே’ எழுத்தில் தொடங்கும் கன்சோல் என்ற டெர்மினலுக்கு மாறினேன், இப்போது ‘செல்வி காதுகுத்து’ என்று ஒழுங்காகப் படிக்க முடிகிறது. தமிழில் பெயர் வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பிற்சேர்க்கை: ஐகான் வரவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஒருமுறை கம்பைல் செய்துவிட்டு, அப்புறம் ஐகானைக் கேட்டால் மேக் பழையதையே வைத்துக்கொள்ளும். முதலில் ‘சூடோ மேக் கிளீன்’, பிறகு:

சூடோ மேக் ஓ_நெர்ட்=1 ஸ்ட்ரிப் இன்ஸ்டால்

‘ஓ_நெர்ட்’ மட்டும் பெரிய எழுத்து. ஐகான் வடிவங்கள் சேர்த்த நெர்ட் ஃபான்ட் ஒன்றையும் போட்டு, டெர்மினலில் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஐகான் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

இன்னொருவருக்குப் புதியதைப் போட்ட பிறகும் பழைய பதிப்பே ஓடியது. அவர் முன்பு ஏபிடி வழியாகப் போட்டதன் இடத்தை, டெர்மினலில் திறந்திருந்த பாஷ் (நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டும் நிரல்) நினைவில் வைத்திருந்தது. ‘ஹாஷ் -ஆர்’ தட்டியதும் சரியாகிவிட்டது.