இறையழைத்தலை வளர்க்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

சாமியாராவதற்குப் படிக்கும் குருமடத்துக்குப் போன பையன் இரண்டாம் வருடமே திரும்பி வந்துவிட்டான். ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றவனிடம் ஒரு பெரியம்மா, “என்னப்பா, அங்கி போட்டுக்கிட்டு வருவேன்னு பார்த்தோம், பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டியே?” என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவனைக் கைக்குழந்தையாகத் தூக்கி வளர்த்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அடுத்த ஞாயிறு அவன் கோயிலுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பாடகற்குழுவில் அவன் வாசித்துக்கொண்டிருந்த கீபோர்டு மாதக்கணக்கில் உறை போட்டபடியே கிடந்தது.

ரங்கூனில் ஒரு தமிழ்ப் பங்கில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தில், நான் ஞாயிறு மறைக்கல்வி எடுத்து வருகிறேன். அவன் என் வகுப்பில் படித்தவன். சாமியாராகவோ சிஸ்டராகவோ வரும்படி கடவுள் அழைப்பதைத்தான் இறையழைத்தல் என்கிறோம். அதை வளர்ப்பதாக நினைத்து, “நீ சாமியாராகப் போகலாமே” என்று அவனிடம் அடிக்கடி சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அவனை அனுப்பி வைத்த நாளில் மாலை போட்டோம், போட்டோ எடுத்தோம், பங்கே கூடி விருந்து வைத்தோம். அந்த மாலையும் விருந்தும் சேர்ந்து அவன் திரும்பி வரும் வழியை எவ்வளவு கடினமாக்கிவிட்டன என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. நாங்கள் செய்த தவறுகளிலேயே பெரியது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அதனால் முதலில் இதைச் சொல்கிறேன்.

நாம் வாழும் நாட்டையே பாருங்கள். நம் பிள்ளைகளோடு படிக்கும் பௌத்தப் பையன்கள் கோடை விடுமுறையில் ஷின்பியூ என்ற இளந்துறவுச் சடங்கு முடித்து, மொட்டையடித்து, காவி உடுத்தி மடத்துக்குப் போகிறார்கள். ஒரு வாரமோ சில வாரங்களோ இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. போய் இருந்ததே அந்தக் குடும்பத்துக்குப் பெருமை. நம்முடைய துறவற அழைத்தல் வேறு வகையானது, வாழ்நாள் முழுவதற்குமான ஒப்புக்கொடுத்தல், அது எனக்குத் தெரியும். ஆனால் குருமடம் என்பதே அந்த அழைத்தல் உண்மையிலேயே தனக்கு உண்டா என்று பார்க்கும் இடம்தானே? பள்ளிப் படிப்பு முடிந்து, மேமியோவில் மெய்யியல், ரங்கூனில் இறையியல் என்று ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகின்றன. குருப்பட்டத்துக்குக் குறைந்தது 25 வயது ஆகியிருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. இவ்வளவு நீண்ட காலத்தை வைத்திருப்பது யோசிப்பதற்காகத்தான். யோசித்துப் பார்த்து, “எனக்கு இது இல்லை” என்று ஒருவன் கண்டுகொண்டால், குருமடம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்றுதான் பொருள்.

மியான்மரின் முதல் அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை) யார் என்று கேட்டால் என் வகுப்புப் பிள்ளைகள் சட்டென்று பதில் சொல்வார்கள்: இசிதோர் ஙேய் கோ லாட். 1950 மே 24 அன்று, இன்றைய கயா மாநிலத்தில், இத்தாலிய மறைப்பணியாளர் மாரியோ வெர்காராவோடு சேர்த்துக் கொல்லப்பட்டவர், மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியார். இருவர் உடலையும் சால்வீன் ஆற்றில் போட்டார்கள். சரியாக 64 ஆண்டுகள் கழித்து, 2014 மே 24 அன்று, இத்தாலியில் அவெர்சா நகரத்தில் இருவரும் அருளாளர்களாக அறிவிக்கப்பட்டார்கள். இதுவரை எல்லோரும் சொல்வோம். அவர் இளவயதில் டவுங்கூ குருமடத்தில் படித்தார் என்பதையும், ஆஸ்துமா நோயால் அங்கிருந்து வீடு திரும்ப வேண்டியதாயிற்று என்பதையும் எத்தனை பேர் சொல்கிறோம்? ஊரில் ஒரு சின்னப் பள்ளி தொடங்கிப் பிள்ளைகளுக்கு பர்மியமும் ஆங்கிலமும் ஜெபமும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்துதான் உபதேசியார் வேலைக்குப் போனார். இந்த நாட்டுத் திருச்சபை பீடத்தில் ஏற்றிக் கொண்டாடும் முதல் மனிதர், குருமடத்திலிருந்து பெட்டியோடு திரும்பி வந்த ஒரு பையன். குருமடம் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவன் அம்மா அப்பாவுக்கும் இதைப் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், திரும்பி வந்தவனிடம் காரணம் கேட்காதீர்கள். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். வந்த வாரமே பங்கு வேலையைத் தலையில் கட்டவும் வேண்டாம், ஒதுக்கி வைக்கவும் வேண்டாம். அவனுக்கு உடனடியாக வேண்டியது பெரும்பாலும் படிப்பைத் தொடர ஒரு வழி, அல்லது ஒரு வேலை. கடை வைத்திருப்பவர்களும் கணக்குப் பிள்ளைகளும் டியூஷன் எடுப்பவர்களும் நம் பங்கில் இல்லையா என்ன? அனுப்பும்போது பை நிறையக் கொடுத்தவர்கள், வந்தபோது கை கொடுக்கலாம்.

“நமக்கென்று ஒரு தமிழ்ச் சாமி”

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. 1964-இல் கப்பல் கப்பலாக நம் சனங்கள் சென்னைக்குப் போனார்கள். 1965-இல் மிஷன் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1966-இல், சுதந்திரத்துக்குப் பிறகு வந்த வெளிநாட்டுக் குருக்களும் கன்னியரும் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. எஞ்சியிருந்த தமிழ்க் குடும்பங்கள் ஜெபமாலையையும் புலம்பல் பாட்டையும் பிடித்துக்கொண்டுதான் தமிழைக் காப்பாற்றின. அப்படிப்பட்ட பங்கில் ஒரு பையன் குருமடம் போகிறான் என்றால், “இனி நம்ம பாஷையில் பாவசங்கீர்த்தனம் செய்யலாம்” என்று ஒரு பாட்டி கண் கலங்குவதில் என்ன தவறு?

ஆசையில் தவறில்லை. அதை அந்தப் பையன் தோளில் ஏற்றுவதுதான் தவறு. மறைமாவட்டக் குரு பேராயர் அனுப்பும் இடத்துக்குப் போகிறவர். ஐராவதி டெல்டாவில் கரேன் இனத்தாரின் ஒரு கிராமத்தில், ஒரு தமிழ் வார்த்தை கூடக் காதில் விழாத இடத்தில் அவர் பல வருடம் இருக்க நேரலாம். “உன்னை நமக்காகத்தான் அனுப்புகிறோம்” என்று சொல்லி அனுப்பப்பட்டவர் அங்கே இருக்கும்போது, அந்தக் கிராமத்தாருக்கும் முழுதாகச் சொந்தமாக மாட்டார், இங்கே வராத குற்ற உணர்ச்சியும் விடாது. தமிழைக் கற்றுக்கொடுங்கள், எழுதவும் வாசிக்கவும் கூட. அதை அன்போடு கொடுங்கள், கடனாகக் கொடுக்காதீர்கள். கூடவே பர்மியத்தையும் நன்றாகப் படிக்க வையுங்கள். வீட்டில் தமிழ், தெருவில் பேச்சு பர்மியம் என்று வளர்ந்த பிள்ளைகள் குருமடத்தின் எழுத்து பர்மியத்தில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். படிப்பில் பின்தங்கியதை அழைத்தல் இல்லை என்று அவர்களே தவறாக எடுத்துக்கொள்கிறார்கள்.

வேறு காரணத்துக்காக அனுப்புவது

வறுமையில் இருக்கும் வீடு, குருமடத்துக்குப் போனால் பிள்ளைக்குச் சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்று நினைப்பது பழைய கதை. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், 18 வயது நிரம்பப்போகும் பையனை வைத்திருக்கும் வீட்டில் என்ன பயம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எந்தத் தாயையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தை அழைத்தல் என்று பெயர் மாற்றி எழுதும்போது பிள்ளை இரட்டைச் சுமை சுமக்கிறான். பெற்றோரிடம் தனியாக, மெதுவாக, “இந்தப் பயம் இல்லையென்றால் இவன் போவானா?” என்று கேட்பது பங்குத்தந்தைக்கும் உபதேசியாருக்கும் உள்ள கடமை. வாழ்க்கை நிலையைத் தேர்ந்தெடுப்பதில் யாருக்கும் எந்தக் கட்டாயமும் கூடாது என்று திருச்சபைச் சட்டத்தின் 219-ஆம் பிரிவு சொல்கிறது. குருப்பட்டத்துக்கு எவரையும் எந்தக் காரணத்துக்காகவும் வற்புறுத்துவதை 1026-ஆம் பிரிவு அறவே தடை செய்கிறது. பட்டம் பெறப்போகிறவர் தன் சொந்த விருப்பத்தோடுதான் வருகிறேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்கவும் வேண்டும்.

நேர்ச்சை வைப்பதும் இதில் சேரும். “குழந்தை பிழைத்தால் கோயிலுக்குக் கொடுக்கிறேன்” என்று அம்மா செய்த நேர்ச்சை அம்மாவுடையது. அதைப் பிள்ளை தீர்க்க வேண்டியதில்லை. மனச்சுமையாக இருந்தால் பங்குத்தந்தையிடம் போய்ப் பேசினால், அதை வேறு விதமாகத் தீர்க்க வழி சொல்வார்.

பெண்பிள்ளைகளை நாம் மறப்பது பற்றியும் சொல்ல வேண்டும். இறையழைத்தலுக்காக மன்றாடும் ஞாயிறு வந்தால் பையன்களைப் பார்த்தே பேசுகிறோம். ஒரு பெண் “நான் சிஸ்டராகப் போகிறேன்” என்றால் வீட்டில் முதல் பேச்சு, “யாராவது ஏதாவது சொன்னார்களா? வரன் பிடிக்கவில்லையா?” என்பதுதான். அண்ணன் போனால் மாலை, தங்கை போனால் அழுகை. துறவுப் பயிற்சி தொடங்கும் நவதுறவகத்தில் சேர 17 வயது முடிந்திருக்க வேண்டும், வாழ்நாள் முழுவதற்குமான நிரந்தர வார்த்தைப்பாட்டுக்கு 21 வயது. அதற்கு இடையில் அவளும் யோசிக்க நேரம் இருக்கிறது. அண்ணனுக்குக் கொடுத்த காதை அவளுக்கும் கொடுங்கள், அது போதும்.

சேவையைச் சேவையாக விடுவது

சேவை என்றால் பங்கில் நம் கண்ணுக்குத் தெரிவது பீடச் சிறுவர், வாசகம் வாசிப்பவர், காணிக்கைத் தட்டு. இவற்றை அதே நான்கைந்து குடும்பத்துப் பிள்ளைகளுக்கே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அழகாக வாசிக்கிறார்கள், உண்மைதான். ஆனால் பின் பெஞ்சில் இருக்கும் பிள்ளை தடுமாறி வாசித்தால் கோயில் இடிந்துவிடாது. அடங்காத பையனுக்குத் தண்டனையாகப் பெஞ்சு துடைக்கச் சொல்வது இன்னொரு தவறு. துடைப்பதும் கூட்டுவதும் தண்டனை என்று அவன் மனதில் பதிந்தபின், சேவை நல்லது என்று எவ்வளவு பிரசங்கம் செய்தும் ஏறாது.

சேவையில் சுறுசுறுப்பாக இருப்பவனை உடனே “இவன் சாமியாராகத்தான் போவான்” என்று முத்திரை குத்துவதும் வேண்டாம். எங்கள் பங்கில் ஒரு பையன் பூசைக்கு உதவி செய்வதையே நிறுத்திவிட்டான். பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று பிறகுதான் சொன்னான். அவனுக்கு நீரும் திராட்சை ரசமும் கொண்டுபோய்க் கொடுப்பது பிடித்திருந்தது, அவ்வளவுதான். அப்படியே விட்டிருந்தால் இன்னும் செய்துகொண்டிருப்பான்.

நானறிந்த வரையில், பிள்ளைகள் தாங்களாகவே கேள்வி கேட்கத் தொடங்கியது பிரசங்கத்துக்குப் பிறகு இல்லை, வேலைக்குப் பிறகுதான். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் டெல்டாவை அழித்தபோது, எங்கள் இளையோர் அரிசியும் போர்வையும் கட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர்கள் பல வாரம் தூங்காமல் பேசினார்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மாண்டலேக்குச் சாமான் திரட்டியபோதும் அதேதான். ஆனால் பேரிடருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ரங்கூனில் ஏழைகளின் சிறு சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லம் இருக்கிறது. ஒரு பிள்ளையை அங்கே அழைத்துப்போய் ஒரு தாத்தாவுக்குச் சோறு ஊட்ட விடுங்கள். கேக் வெட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்ப வேண்டாம். அதே தாத்தாவிடம் அடுத்த மாதமும் போக வேண்டும். அந்தச் சகோதரிகள் துணி மடிப்பதையும் சிரிப்பதையும் சோர்ந்து உட்காருவதையும் பிள்ளை பார்க்கட்டும். துறவறம் எப்படி இருக்கும் என்று அதைவிடத் தெளிவாக என்னால் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியாது.

ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் இறையழைத்தலைப் பேசுவதும் தவறு என்று தனியாக விளக்கவே வேண்டாம். இறையழைத்தலுக்காக மன்றாடும் நாளைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1964-இல் தொடங்கினார்; இப்போது அது பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தின் 4-ஆம் ஞாயிறு. அந்த நாளுக்கு மட்டும் தாளில் அச்சடித்த ஜெபத்தை வாசித்து, தாளை பெஞ்சிலேயே விட்டுப் போகிறோம். குடும்பம்தான் முதல் குருமடம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சொன்னதை நினைத்தால், அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போகவாவது வேண்டும்.

இந்த வருடம் என் வகுப்பில் இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் இந்த அழைத்தலைப் பற்றி என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். பங்குத்தந்தையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மாலை, விருந்து எதுவும் வேண்டாம் என்று பங்குப்பேரவையிலும் பேசியாயிற்று. போன வாரம் அந்தப் பையன்களில் ஒருவனுடைய அம்மா, “டீச்சர், அவன் கட்டிலைத் தம்பிக்குக் கொடுத்துடலாமா?” என்று கேட்டார். இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும் என்றேன்.