ஊருக்கு வருமுன் ஊசி அட்டையை எடுத்துப் பாருங்கள்: ராமநாதபுரம் கடற்கரைக்கு வருபவர்களுக்கு

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம், ராமேஸ்வரம் என்று நம் பக்கம் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் சாக்லேட்டையும் தைலத்தையும் மறக்காமல் பெட்டியில் வைக்கிறார்கள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை எங்கே என்று கேட்டால்தான் முழிக்கிறார்கள். "அந்தத் தண்ணியைக் குடிச்சுத்தானே வளர்ந்தேன், எனக்கு என்ன வரப்போகுது" என்பது வழக்கமான பதில். சரி, நீங்கள் வளர்ந்தீர்கள். லண்டனில் பிறந்த உங்கள் மகள்?

முதலில் தட்டம்மை. ஊரில்தான் இது ஒட்டும் என்று நினைக்கிறோம், ஆனால் 1998 முதல் தட்டம்மையை ஒழித்த நாடாக இருந்த கனடா 2025 நவம்பரில் அந்தத் தகுதியை இழந்துவிட்டது. இந்த நோய் பரவாமல் இருக்க 95 சதவீதம் பேராவது இரண்டு தவணை போட்டிருக்க வேண்டும். அது குறைந்த இடத்தில் பணக்கார நாடு என்றெல்லாம் வைரஸ் பார்ப்பதில்லை. அதனால் டொராண்டோவிலிருந்து நீங்களே கொண்டுவந்து தங்கச்சியின் கைக்குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போகவும் வாய்ப்புண்டு, ஏனென்றால் இங்கே முதல் ஊசியே 9 மாதம் முடிந்துதான். நோயாளி எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை காற்றில் கிருமி இருக்கும் என்பதால், ஏசி போட்டு மூடிய கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். 6 முதல் 11 மாதக் குழந்தையோடு வந்தால் பயணத்துக்காக முன்கூட்டியே ஒரு தவணை கேளுங்கள், அது கணக்கில் சேராது, பிறகு வழக்கமான இரண்டையும் போட வேண்டும். பெரியவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள்: இந்திய அரசுத் திட்டத்தில் இரண்டாவது தவணை 2010 வாக்கில்தான் வந்தது.

அடுத்து டைபாய்டும் மஞ்சள் காமாலையும் (ஹெபடைடிஸ் ஏ வகை). நம் ஊர்த் தண்ணீர்க் கதை தெரிந்ததுதான். நிலத்தடி நீர் உப்பு, காவிரிக் கூட்டுக்குடிநீர் வராத நாளில் வண்டித் தண்ணீர், அதைக் குடத்தில் பிடித்து அண்டாவில் ஊற்றி, வருகிறவர் போகிறவர் எல்லாம் அதிலேயே செம்பை விட்டு மொள்வது. எத்தனை கை படுகிறது! பிள்ளைகளுக்குக் கொதிக்க வைத்த தண்ணீரைத் தனியாக வையுங்கள், மாமியார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தெருவோர சர்பத்தில் போடும் ஐஸ் வேண்டாம். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம் ஆடும்போது, தலையில் வாளியைக் கவிழ்க்கையில் வாயை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

டைபாய்டுக்கு இப்போது வந்திருக்கும் கான்ஜுகேட் (புரதத்தோடு இணைத்த) வகை ஊசியை 6 மாதக் குழந்தைக்கே போடலாம்; ஆப்பிரிக்காவின் மலாவியில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் சுமார் 78 சதவீதம் பாதுகாப்பு தெரிந்தது. மீதிக்கு உங்கள் கவனம்தான். பிரிட்டனில் டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகள் அரசு மருத்துவச் சேவையிலேயே இலவசம். கிளம்ப 4 முதல் 6 வாரம் இருக்கும்போதே மருத்துவரைப் பாருங்கள், கடைசி வாரத்தில் ஓடினாலும் எதுவும் போடாமல் வருவதற்கு அது மேல்.

நாய் விஷயம் தனி. மீன் இறங்கும் கரை எதுவானாலும் அங்கே நாய்க் கூட்டம் இருக்கும், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கோ எல்லாமே செல்ல நாய். கடித்தாலும் கீறினாலும் உடனே குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பக்கத்து வீட்டு ஆத்தா சுண்ணாம்போ மஞ்சளோ கொண்டுவந்தால் நன்றி சொல்லி நிறுத்திவிட்டு, நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் போடும் காலம் எப்போதோ போய்விட்டது, இப்போது கையில்தான். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினையும் (உடனே வேலை செய்யும் எதிர்ப்புப் பொருள்) கேட்டு வாங்குங்கள். பல வாரம் தங்கப்போகிற பிள்ளைகளுக்குக் கிளம்புமுன் அங்கேயே முன்தடுப்புத் தவணைகளை முழுமையாகப் போட்டுவிட்டால், கடித்தபின் இம்யூனோகுளோபுலின் தேவையில்லை, இன்னும் 2 ஊசியோடு முடியும். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழி கிடையாது, அதனால் "சின்னக் கீறல்தானே" என்று விடாதீர்கள்.

துருப்பிடித்த தூண்டில் முள், மீன் முள் குத்துவதெல்லாம் சகஜம், பத்து வருடத்துக்குள் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அழுக்கான காயமென்றால் ஐந்து வருடத்துக்குள். டெங்குவுக்குக் கொசுவலையும் களிம்பும்தான்.

தங்கியிருக்கும்போது குழந்தையின் தவணை வந்துவிட்டால் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், கிராம சுகாதார செவிலியர் அட்டையைப் பார்த்துச் சொல்வார். ஆனால் இங்கே அரசு போடுவது எம்ஆர் (தட்டம்மை, ருபெல்லா ஊசி), பொன்னுக்கு வீங்கிக்கான பகுதி அதில் கிடையாது; திரும்பிப் போனதும் அங்குள்ள மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். திரும்பியபின் காய்ச்சல் வந்தால் ராமநாதபுரம் போய்வந்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், அப்போதுதான் டைபாய்டுக்கும் மலேரியாவுக்கும் ரத்தம் எடுப்பார்கள்.