எம்.எஸ்சி. புள்ளியியல், எகனாமெட்ரிக்ஸ்: சேர்ந்த நாளிலிருந்து பட்டம் கைக்கு வரும்வரை

சேலம் அருகே கருப்பூரில் உள்ள பெரியார் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறை இருப்பதால் ஓமலூர், மேட்டூர் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வந்து எம்.எஸ்சி. படிக்க முடிகிறது. எப்படிச் சேர்வது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். சேர்ந்த பிறகு எப்படி முடிப்பது என்று சொல்பவர்கள் குறைவு. என் கருத்து இதுதான்: கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டை முதல் வருடத்திலேயே மனதில் வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு பாடமும் எதற்கு என்று அப்போதுதான் புரியும்.

படி 1: ரெகுலேஷனைப் படியுங்கள்

உங்கள் பேட்ச்சுக்கு உரிய ரெகுலேஷனையும் (படிப்புக்கான விதிகள்) சிலபஸையும் துறையில் கேட்டு வாங்குங்கள். சீனியர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம், ரெகுலேஷன் அடிக்கடி மாறும். மொத்தக் கிரெடிட் எத்தனை, அதில் கோர் எவ்வளவு, எலக்டிவ் எவ்வளவு, எக்ஸ்டர்னலில் (பல்கலைக்கழகத் தேர்வில்) தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டா, வருகைப்பதிவு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். மத்திய அரசின் ஸ்வயம் இணையப் படிப்பில் கிரெடிட் எடுப்பதாக இருந்தால், பதிவு செய்யும் முன்பே துறைத் தலைவரிடம் ஒப்புதல் வாங்குங்கள்.

படி 2: அரியர் வைக்கக் கூடாத பாடங்கள்

மேட்ரிக்ஸ் அல்ஜீப்ரா, நிகழ்தகவு, எஸ்டிமேஷன் தியரி (சாம்பிளை வைத்து மொத்தத்தை மதிப்பிடும் முறை). பொருளாதாரத் தரவைப் புள்ளியியல் முறையில் ஆராயும் எகனாமெட்ரிக்ஸ் முழுக்க இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது. காஸ்–மார்க்கோவ் தேற்றத்தை (சில அனுமானங்கள் பொருந்தினால், சாய்வில்லாத நேரியல் மதிப்பீடுகளில் லீஸ்ட் ஸ்கொயர்ஸ்தான் சிறந்தது என்பது) புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நிரூபிக்க வருகிறதா என்று பாருங்கள். எந்த வரியில் எந்த அனுமானம் உள்ளே வருகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால், ஹெட்டிரோசெடாஸ்டிசிட்டி (பிழையின் பரவல் சீராக இல்லாதது), ஆட்டோகோரிலேஷன் (ஒரு காலப் பிழை அடுத்ததோடு தொடர்புடன் இருப்பது) போன்ற பெயர்கள் பிறகு பயமுறுத்தாது. அந்த அனுமானங்களில் ஒன்று உடைந்தால் என்ன ஆகும் என்பதுதான் எகனாமெட்ரிக்ஸ் பாடத்தில் பாதி.

கூடவே புள்ளியியல் கணக்குக்கான ஆர் (R) மென்பொருளை முதல் செமஸ்டரிலேயே பழகிக்கொள்ளுங்கள். இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

படி 3: கேள்வியும் டேட்டாவும்

பலர் சறுக்குவது இங்கேதான். இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு டேட்டாவை எடுத்து, அதற்கு ஒரு கேள்வியைத் தேடுகிறார்கள். நம் ஊரில் கேள்விக்கா பஞ்சம்?

ஏற்காட்டுக் காப்பியை எடுத்துக்கொள்வோம். மார்ச், ஏப்ரலில் பெய்யும் பூமழை சரியாக இருந்தால்தான் காப்பிச் செடி ஒருசேரப் பூக்கும், விளைச்சலும் கூடும். அருமையான தலைப்பு. ஆனால் விளைச்சல் வருடத்துக்கு ஒரே ஓர் எண்தான். இருபது வருடம் தேடினாலும் இருபது வரிசைதான் கிடைக்கும். அதை வைத்து ஐந்தாறு மாறிகள் உள்ள மாடல் போட்டால் எந்த முடிவும் நிற்காது. அதற்குப் பதிலாக நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய் ஒரே வருடத்துக்கான சர்வே எடுக்கலாம். நிழல் மரம், செடியின் வயது, தெளிப்பு நீர், விளைச்சல் எல்லாம் கேட்டு வாங்கலாம். அலைச்சல் அதிகம், ஆனால் சாம்பிளிங் பாடம் அப்படியே கைக்கு வந்துவிடும்.

படி 4: ஒரு மாடலைக் கிட்டத்தில் பார்ப்போம்

மரவள்ளிக் கிழங்கு விலையும் ஜவ்வரிசி விலையும் எப்படிச் சேர்ந்து நகர்கின்றன என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். கிழங்குக்கு அதிலுள்ள மாவுச்சத்தின் அளவைக் காட்டும் ஸ்டார்ச் பாயிண்ட் கணக்கில் விலை வைப்பது நம் பக்கத்து வழக்கம். ஜவ்வரிசிக்கு சேலத்துக் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் விற்பனை விலை இருக்கிறது. மாத விலையாகப் பத்து வருடம் திரட்டினால் 120 வரிசை. முதுகலைக்கு இது போதும்.

இரண்டையும் அப்படியே ரெக்ரஷனில் (ஒன்றை வைத்து மற்றொன்றை விளக்கும் சமன்பாட்டில்) போட்டால், மாடல் எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் அழகாக உயர்ந்து நிற்கும். அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். காலப்போக்கில் ஏறும் எந்த இரண்டு விலைக்கும் அப்படித்தான் வரும். டர்பின்–வாட்சன் மதிப்பைப் பாருங்கள், அது பிழைகளில் ஆட்டோகோரிலேஷன் இருக்கிறதா என்று காட்டும். அது 2-க்கு அருகில் இருக்க வேண்டும். ஆர்-ஸ்கொயரை விடவே அது குறைவாக இருந்தால் போலி உறவோ என்று சந்தேகப்பட வேண்டும் என்று கிரேஞ்சரும் நியூபோல்டும் 1974-லேயே எச்சரித்தார்கள்.

சரி, அப்புறம் என்ன செய்வது? முதலில் இரண்டு விலைக்கும் தனித்தனியாக வரைபடம் போடுங்கள். பிறகு தொடர் நிலையானதா என்று பார்க்கும் டிக்கி–ஃபுல்லர் சோதனை. இரண்டும் நிலையற்ற தொடராக (சராசரியோ பரவலோ காலப்போக்கில் மாறும் தொடராக) இருந்து, ஒருமுறை வித்தியாசம் எடுத்ததும் நிலைத்தன்மை வந்தால், கோஇன்டெக்ரேஷன் (இரண்டும் நீண்டகாலத்தில் சேர்ந்தே நகரும் உறவு) உண்டா என்று எங்கிள்–கிரேஞ்சர் முறையில் பாருங்கள். இங்கே ரெக்ரஷனின் ரெசிடுவலை (மாடல் விளக்காமல் விட்ட மிச்சத்தை) சோதிக்கிறோம் என்பதால் வழக்கமான டிக்கி–ஃபுல்லர் அட்டவணை பொருந்தாது, அதற்கென்று தனி அட்டவணை இருக்கிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைக் கேட்பார்கள். உறவு உண்டு என்று வந்தால், அந்த உறவிலிருந்து விலகிய விலை எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று காட்டும் எரர் கரெக்‌ஷன் மாடல். ஜவ்வரிசி விலை இறங்கும்போது கிழங்கு விலை எத்தனை மாதத்தில் பின்தொடர்கிறது என்று அதிலிருந்து சொல்லலாம். ஆத்தூர் பக்கத்து விவசாயி ஒருவருக்கு உண்மையிலேயே பயன்படும் பதில் அது.

படி 5: எழுதுதல், வைவா

அட்டவணைகளை முதலில் முடித்துவிட்டு அறிமுகத்தைக் கடைசியில் எழுதுங்கள். யுஜிசி-யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம்வரை தண்டனை இல்லை, 40 வரை போனால் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகலாம். அதனால் வரையறைகளைக்கூட சொந்த நடையிலேயே எழுதப் பழகுங்கள். வைவாவுக்குப் போகும்முன் மாடலில் வரும் ஒவ்வொரு கோஎஃபிஷியன்ட்டுக்கும் (கெழுவுக்கும்) 'இதற்கு என்ன அர்த்தம், எந்த அலகில்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

படி 6: காகித வேலை

நூலகம், லேப், விடுதி என்று எல்லா இடத்திலும் நோ டியூஸ் (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்குங்கள். ப்ரொவிஷனல் சான்றிதழுக்கும் பட்டமளிப்பு விழாவுக்கும் தனித்தனி விண்ணப்பம் இருக்கலாம். மதிப்பெண் பட்டியல் வந்ததும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று கவுன்ட்டரை விட்டு நகரும் முன் சரிபார்த்துவிடுங்கள்.