வைஃபை கார்டு வாங்கும் முன் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள்

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் லேப்டாப் பழுதென்றால் வேலந்தாவளம் வழியாகக் கோயமுத்தூர் போய்வரவே அரை நாள் ஓடிவிடும், அதனால் நிறையப் பேர் உதிரிப் பொருளை ஆன்லைனில் வரவழைத்துத் தாங்களே மாட்டிக்கொள்கிறார்கள். நல்ல விஷயம்தான். வைஃபை கார்டு மாற்ற ஒரு ஸ்க்ரூ, இரண்டு வயர், அவ்வளவுதான் வேலை. பணம் வீணாவது மாட்டும்போது அல்ல, எந்தக் கார்டு என்று முடிவு செய்யும்போது.

என் அக்கா மகனுக்கு நான் வாங்கிக் கொடுத்த கதையையே சொல்கிறேன். அவனுடையது ஏஎம்டியின் ரைசன் ப்ராசசர் உள்ள லேப்டாப். இன்டெல் ஏஎக்ஸ் 200-ஐ விட ஏஎக்ஸ் 201 விலை குறைவாகக் கிடைத்தது, எண்ணும் ஒன்று கூட இருக்கிறதே, புதுசாக இருக்கும் என்று வாங்கிவிட்டேன். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது, ஸ்க்ரூவும் சரியாக இறங்கியது, ஆனால் டிவைஸ் மேனேஜரில் வைஃபையே காணவில்லை. இரண்டு நாள் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். கார்டில் ஒரு குறையும் கிடையாது, அந்த லேப்டாப்புக்கு அது ஆகாது, அதுதான் விஷயம்.

ஏஎக்ஸ் 201, ஏஎக்ஸ் 211 போன்றவை சிஎன்விஐ வகை. வைஃபையின் பாதி வேலையை இன்டெல்லின் சிப்செட்டே செய்துவிடும், கார்டில் இருப்பது ரேடியோ பகுதி மட்டும். அதனால்தான் விலையும் குறைவு. ஏஎம்டி லேப்டாப்பில் அந்த மறுபாதி இல்லை, பழைய இன்டெல் லேப்டாப்களிலும் இல்லை. ஏஎக்ஸ் 200, ஏஎக்ஸ் 210 இரண்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற பொதுவான இணைப்பு வழியாகத் தனியாக இயங்கும் முழுக் கார்டுகள், இன்டெல், ஏஎம்டி இரண்டிலும் ஓடும். இந்த வரிசையில் கடைசி எண் 1 என்றால் சிஎன்விஐ, 0 என்றால் முழுக் கார்டு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் 9260, 9560 போன்ற பழைய கார்டுகளுக்கு இந்தக் கணக்கு சரிவராது. வைஃபை 7 வேண்டும் என்று பிஇ 200 வாங்குகிறவர்களும் கவனியுங்கள்: அது பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டாக இருந்தும் ஏஎம்டி லேப்டாப்களில் பெரும்பாலும் வேலை செய்வதில்லை.

அதனால்தான் ஆர்டர் போடும் முன் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள் என்கிறேன். ஒல்லியான லேப்டாப்கள் பலவற்றில் வைஃபை சிப் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், மாற்றவே வழியில்லை. பத்துப் பன்னிரண்டு வருடப் பழசு என்றால் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு இருக்கலாம், இப்போது வருகிற 22க்கு 30 மில்லிமீட்டர் எம்.2 கார்டு அதில் நேராக உட்காராது, ஆன்டெனா வயரின் முனையும் வேறு அளவு. பழைய திங்க்பேட் மாடல்களில் இன்னொரு தொல்லை உண்டு, பயாஸில் (லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) அனுமதிப் பட்டியல் வைத்திருப்பார்கள், அதில் இல்லாத கார்டைப் போட்டால் 1802 என்ற பிழையைக் காட்டி அங்கேயே நின்றுவிடும்.

உள்ளே எத்தனை ஆன்டெனா வயர் வருகிறது என்பதையும் எண்ணுங்கள். விலை குறைந்த லேப்டாப் சிலவற்றில் ஒன்றே ஒன்றுதான் வரும், இரண்டு ஆன்டெனா கார்டைப் போட்டாலும் முழுப் பலன் கிடைக்காது.

அடுத்து, பெட்டியில் போட்டிருக்கும் வேகம். 3000 என்று இருந்தால் அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402 மெகாபிட், இரண்டையும் கூட்டி எழுதியது. கார்டு ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் ரவுட்டரோடு பேசும். அந்த 2402-ம் ரவுட்டரில் 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலம் இருந்தால்தான். வீட்டில் 100 மெகாபிட் திட்டம், ரவுட்டரோ 2.4 மட்டும் உள்ள பழசு என்றால் கார்டுக்குக் கொடுக்கும் பணத்தை ரவுட்டருக்குக் கொடுப்பதே நல்லது. அப்புறம் சுவர். எங்கள் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளின் கனத்த சுவர்களில் 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டாவது அறைக்குப் போவதற்குள்ளேயே தளர்ந்துவிடும், 6 கிகாஹெர்ட்ஸ் அதைவிட மோசம். விண்டோஸ் 10-இல் 6 கிகாஹெர்ட்ஸே கிடைக்காது, விண்டோஸ் 11 வேண்டும். இதெல்லாம் பார்த்தால் பெரும்பாலான வீடுகளுக்கு ஏஎக்ஸ் 200, ஏஎக்ஸ் 210 தாராளம் என்பது என் அபிப்பிராயம். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கும் இவைதான் சுலபம், ஏஎக்ஸ் 210-க்குக் கெர்னல் 5.10 அல்லது அதற்குப் பிறகு வந்தது இருந்தால் போதும்.

ப்ளூடூத்தை மறந்துவிடாதீர்கள். வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே கார்டில்தான் இருக்கின்றன, ப்ளூடூத் இல்லாத மலிவுக் கார்டை மாட்டினால் மவுஸும் ஹெட்செட்டும் சும்மா கிடக்கும்.

சரி, கார்டு வந்துவிட்டதா? பழைய கார்டைக் கழற்றும் முன்பே புதியதன் டிரைவரை இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், கழற்றிய பிறகு அந்த லேப்டாப்பில் நெட் இருக்காது. பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டு, எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, வயரைப் பக்கவாட்டில் இழுக்காமல் நேர் மேலே தூக்குங்கள். அந்த முனை ஒடிந்தால் ஆன்டெனாவையே மாற்ற வேண்டிவரும், அதற்குத் திரையின் ஓரச் சட்டத்தைப் பிரிக்க வேண்டும், அப்போது கோயமுத்தூர் போகாமல் முடியாது.