மணிக்கணக்கில் வேலை செய்கிறீர்களா? கூகல் ஷீட்ஸே போதும்

மொழிபெயர்ப்புக்குச் சொல் கணக்கில் காசு வந்துவிடும். பிழைதிருத்தம், ஸூம் கூட்டம், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் "சின்னத் திருத்தம்தான்" எல்லாம் மணிக்கணக்கு. குறித்து வைக்காவிட்டால் கேட்க வாய் வராது.

டாகிள், க்ளாக்கிஃபை போன்ற நேரம் பதியும் செயலிகள் நல்லவைதான். ஆனால் டைமரை நிறுத்த மறந்து கீழே கோப்பிக் கடைக்குப் போனால் கோப்பி குடித்த நேரமும் கணக்கில் ஏறிவிடும். எனக்கு கூகல் ஷீட்ஸ் என்ற இணைய அட்டவணைதான்.

1. முதல் வரிசையில் தேதி, வாடிக்கையாளர், வேலை, தொடக்கம், முடிவு, மணி, தொகை என்று தலைப்பிடுங்கள். வேலை என்ற இடத்தில் வெறுமனே "திருத்தம்" என்று எழுதாதீர்கள். "கையேடு, இரண்டாம் திருத்தம், பக்கம் 4 முதல் 9" என்று எழுதினால் பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

2. நேரத்தை 14:00 என்று முக்காற்புள்ளி வைத்து எழுதுங்கள். நம் பழக்கத்தில் 9.30 என்று புள்ளி வைத்தால் ஷீட் அதை நேரமாக எடுத்துக்கொள்ளாது, வெறும் எண்ணாகத்தான் பார்க்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், அரைப்புள்ளி (;) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அப்போதைய நேரம் தானாக விழும்.

3. இங்கேதான் பலருக்கும் இடறும். 14:00 முதல் 16:30 வரை இரண்டரை மணி நேரம், மணிக்கு 60 சிங்கப்பூர் வெள்ளி. 150 வர வேண்டும். நேரத்தைக் கழித்து நேராக 60-ஆல் பெருக்கினால் 6.25 என்று வரும்! ஷீட்டுக்கு ஒரு முழு நாள்தான் 1. ஒரு மணி நேரம் அதில் 24-இல் ஒரு பங்கு. அதனால் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, 24-ஆல் பெருக்கி மணிக் கட்டத்தில் போடுங்கள். அப்புறம் அந்தக் கட்டத்தின் ஃபார்மட்டை 'எண்' என்று மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் 2.5-க்குப் பதிலாக 12:00 என்று காட்டக்கூடும். அந்த 2.5-ஐ 60-ஆல் பெருக்கினால் தொகைக் கட்டத்தில் 150 வந்துவிடும்.

4. இன்வாய்ஸில் எண், தேதி, பணம் தர வேண்டிய கடைசி நாள், பேநவ் (வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் முறை) விவரம் இருக்கட்டும். நேரத்தைக் கால் மணியின் மடங்காக முழுமையாக்குவது என்றால் வேலை தொடங்கும் முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். சிங்கப்பூரில் ஜிஎஸ்டிக்கு (பொருள் சேவை வரி) பதிவு செய்யாதவர் 9% சேர்த்துக் கேட்கக் கூடாது. ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பதிவு கட்டாயம். கணக்குகளை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் விதி, அதனால் பழைய ஷீட்டை அழிக்காதீர்கள். பணம் வராமல் சிறு கோரிக்கை மன்றம் வரை போனாலும் (20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம்) காட்டுவதற்கு இது உதவும்.

பின்சேர்க்கை: நள்ளிரவு தாண்டி வேலை செய்தால் மணி மைனஸில் வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். 22:30-க்குத் தொடங்கி 1:00-க்கு முடித்தால் -21.5 என்றுதான் காட்டும். முடிவு நேரத்தோடு 1 கூட்டிவிட்டுக் கழித்து, வழக்கம்போல 24-ஆல் பெருக்குங்கள், 2.5 வந்துவிடும். அந்த வரிசைக்கு மட்டும்தான். எல்லாவற்றுக்கும் இழுத்துவிட்டால் பகல் வேலைக்கெல்லாம் 24 மணி நேரம் கூடிவிடும்.