இத்தாலியப் பெண் ஓவியர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுத

பெண் ஓவியரின் வாழ்க்கையை எழுத உட்காருபவர்கள், பிறந்த வீட்டில் தொடங்கித் திருமணத்துக்கு வந்ததும் கணவரின் புகழைப் பாடப் போய்விடுவது வழக்கம். இதைத் தவிர்க்க, அவர் வரைந்த படங்களிலிருந்தே தொடங்க வேண்டும். சிறுவர் நூல்களுக்குப் படம் வரைந்த எதினா அல்தாராவையே எடுத்துக்கொள்வோம். சார்தீனியத் தீவின் சசாரி நகரில் 1898-ல் பிறந்த இவர், ஓவியப் பள்ளி எதிலும் பயிலாமல், காகிதத்தை வெட்டி ஒட்டிப் படம் அமைக்கும் கலையில் தாமாகவே தேர்ந்தவர்; 1917-ல் இவருடைய ஒட்டுப்படம் ஒன்றை மன்னர் மூன்றாம் வித்தோரியோ இமானுவேலே வாங்கினார்.

முதல் வேலை, படைப்புகளின் பட்டியல். நூலக அட்டவணையில் எழுத்தாளர் பெயர் மட்டும் இருந்து, படம் வரைந்தவர் பெயர் விடுபட்டிருப்பது உண்டு; ஆகவே பதிப்பகம், நூல்வரிசை, ஆண்டு ஆகியவற்றைக் கொண்டும் தேட வேண்டும். இத்தாலிய நூலகங்களின் கூட்டு அட்டவணை இணையத்திலேயே கிடைக்கிறது. பிளாரன்ஸின் தேசிய மத்திய நூலகம் 1966 நவம்பர் வெள்ளத்தில் பெரும் சேதமடைந்ததால், பழைய பிரதி அங்கே கிடைக்காவிட்டால் மற்ற நகரங்களின் நூலகங்களிலும் விசாரிப்பது நல்லது. நூல் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவும்: அச்சு முடிந்த மாதம், ஆண்டு, அச்சகத்தின் பெயர் ஆகியவை இத்தாலிய நூல்களில் பெரும்பாலும் அங்கேதான் சிறிய எழுத்தில் இருக்கும். அதன்பின் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் உள்ள கையொப்பத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கையொப்பத்தில்தான் சிக்கல். அல்தாரா 1922-ல் மணந்த வித்தோரியோ அக்கொர்னேரோவும் ஓவியர். அவர் விக்டர் மாக்ஸ் நினோன் என்ற புனைபெயரில் வரைந்தவர். இருவரும் சேர்ந்தும் பணியாற்றினர். இத்தகைய இணையரின் படங்களில் கையொப்பமில்லாத ஒன்றை, கோடு மென்மையாக இருக்கிறது என்பதற்காகப் பெண்ணுக்கு எழுதிவைப்பது ஆதாரமல்ல, வெறும் ஊகம். 'கூட்டுப் பணி' என்று எழுதிவிட்டுப் போவதே நேர்மை.

பதிவேடுகளைப் பொறுத்தவரை வேலை எளிது. 1866 முதல் இத்தாலிய நகராட்சிகள் பிறப்பு, திருமணம், இறப்புகளைப் பதிந்து வருகின்றன. பெண்கள் பிறந்த குடும்பப் பெயரிலேயே பதியப்படுவதால், கணவர் பெயரில் தேடி நாளை வீணாக்க வேண்டியதில்லை. பிறப்புப் பதிவின் ஓரத்தில் திருமணத்தையும் பின்னர் குறித்து வைப்பது வழக்கம் என்பதால், ஒரே தாளில் இரண்டு தேதிகள் கிடைக்கக்கூடும்.

எழுதும்போது நூல்களோடு நிறுத்திவிடக் கூடாது. அல்தாரா பிற்காலத்தில் கட்டடக் கலைஞர் ஜோ போந்தியுடன் சேர்ந்து அலங்காரப் பணிகளும் செய்தார். இவற்றை ஒரு வரியில் கடந்துவிட்டால் அவருடைய பாதி உழைப்பு மறைந்துவிடும்.

படங்களை அச்சிட விரும்பினால், இத்தாலியில் பதிப்புரிமை ஓவியர் இறந்த பின் 70 ஆண்டுகள் நீடிக்கிறது என்பதை நினைவில் கொள்ளவும். அல்தாரா 1983-ல் லானுசேயில் இறந்ததால், 2053 முடியும் வரை உரிமையாளர்களிடம் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும்.