கடைசி நியாண்டர்தால்களின் காலம்: எங்கே தவறிப் போகிறோம்?

நமக்கு நெருங்கிய உறவான, அழிந்துபோன மனித இனம் நியாண்டர்தால்கள். "நியாண்டர்தால் மனிதர்கள் 28,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை வாழ்ந்தார்கள்" என்ற வரியை இன்னும் பார்க்க முடிகிறது. அந்த எண் எந்தப் பொருளிலிருந்து, எந்த முறையில் வந்தது என்று கேட்காமல் எடுத்தெழுதுவதுதான் பெரிய தவறு.

குரோவேஷியாவின் விண்டியா குகையில் கிடைத்த நியாண்டர்தால் எலும்புகளுக்கு 1999-இல் ஏறக்குறைய 28,000, 29,000 ஆண்டுகள் என்று வயது சொன்னார்கள். 2006-இல் அது 32,000 பக்கம் போனது. 2017-இல் எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்திலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலத்தை (புரதத்தின் கட்டுமானக் கூறை) மட்டும் பிரித்தெடுத்து அளந்தபோது 40,000-ஐத் தாண்டிவிட்டது. எலும்பு அதேதான், சுத்தம் செய்யும் முறைதான் மாறியது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? இந்த வயதுகள் எலும்பில் மிஞ்சியிருக்கும் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பனை அளந்து கணக்கிடுபவை. அதன் அரைவாழ்வு 5,730 ஆண்டுகள், அதாவது அவ்வளவு காலத்துக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். 40,000 ஆண்டு பழைய எலும்பில், தொடக்கத்தில் இருந்ததில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. அதில் இன்றைய கார்பன் 1 சதவீதம் கலந்தாலே வயது சுமார் 33,000 என்று காட்டும். பெல்ஜியத்தின் ஸ்பி குகையில் கிடைத்த ஒரு தோள்பட்டை எலும்பில் மாட்டின் டிஎன்ஏ இருந்தது. மாட்டெலும்பில் காய்ச்சிய பசையை அதன் மேல் பூசியிருக்க வேண்டும் என்பது 2021-இல் தெரியவந்தது. இப்படிப் புதிய கார்பன் கலந்தால் வயது எப்போதும் குறைவாகத்தான் தெரியும். அதனால் மிக அண்மைய தேதிகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஜிப்ரால்டரின் கோர்ஹாம் குகைக்குச் சொல்லப்படும் 28,000 ஆண்டு எலும்பை அளந்து வந்ததல்ல, கரித்துண்டுகளை அளந்து வந்தது. கரி மண்ணடுக்குகளுக்கு இடையே இடம் மாறக்கூடியது என்பதால் அந்தத் தேதி இன்றும் சர்ச்சையில்தான் இருக்கிறது. 2014-இல் ஸ்பெயின் முதல் ரஷ்யா வரை 40 இடங்களின் தேதிகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு, ஐரோப்பாவில் அவர்களுடைய முடிவை 41,000-க்கும் 39,000-க்கும் இடையே வைத்தது. இப்போதைக்கு நம்பி எழுதக்கூடிய எண் இதுதான். அதுவும் ஒரே நாளில் எல்லா இடத்திலும் நடந்ததல்ல. அப்புறம், கிடைத்த கடைசி எலும்புக்கு உரியவர்தான் கடைசி ஆள் என்றும் எண்ணிவிடக் கூடாது. எலும்பு கல்லாகி நம் கைக்கு வருவதே அபூர்வம்.

கல் கருவியை மட்டும் பார்த்து "இங்கே நியாண்டர்தால்கள் இருந்தார்கள்" என்று முடிவு கட்டுவதிலும் ஆபத்து உண்டு. ஜெர்மனியின் ரானிஸ் குகையில் கிடைத்த இலை வடிவக் கூர்முனைகளை அவர்கள் செய்தவை என்றே பலர் நினைத்திருந்தார்கள். அங்கே கிடைத்த எலும்புத் துண்டுகளின் டிஎன்ஏ நம் இனத்தவருடையது, அதாவது இன்றைய மனித இனமான ஹோமோ சேப்பியன்ஸுடையது என்று 2024-இல் வெளியானது. அதாவது 45,000 ஆண்டுகளுக்கு முன்பே நாம் அந்தக் குளிர்நாட்டில் இருந்திருக்கிறோம்.

நியாண்டர்தால்கள் அழிந்ததற்குக் காரணம் என்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது அடுத்த பிழை. நேப்பிள்ஸ் அருகே சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலை, குளிர், நம் வருகை என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்கிறார்கள். எனக்கு அதிகம் உறைப்பது அவர்களின் கூட்டங்கள் எவ்வளவு சிறியவை என்பதுதான். சைபீரியாவின் அல்தாய் மலைக் குகையில் எலும்பு கிடைத்த ஒரு நியாண்டர்தால் பெண்ணின் பெற்றோர், ஒன்றுவிட்ட சகோதர உறவைவிட நெருங்கிய இரத்த உறவினர். பிரான்சின் மாந்திரான் குகையில் கிடைத்த, 'தோரின்' என்று பெயரிடப்பட்ட நியாண்டர்தாலின் வழியினர் பல்லாயிரம் ஆண்டுகள் மற்ற நியாண்டர்தால்களோடு கலக்காமலே இருந்தவர்கள்.

சரி, சுவடே இல்லாமல் அழிந்தார்களா? அப்படி எழுதுவதும் தவறு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே பரவியவர்களின் வழிவந்தவர்களிடம், தமிழர்களாகிய நம்மிடமும், 1 முதல் 2 சதவீதம் வரை அவர்களின் மரபணு இருக்கிறது. ருமேனியாவின் ஓவாசே குகையில் கிடைத்த தாடை நம் இனத்தவர் ஒருவருடையது. அவருக்கு நான்கிலிருந்து ஆறு தலைமுறைக்கு முன்னால் ஒரு நியாண்டர்தால் மூதாதை இருந்திருக்கிறார்.